இறுகிப்போன ஷவர் கார்ட்ரிட்ஜை நீங்களே கழற்றி மாற்றுவது எப்படி

ஷவர் கைப்பிடியைத் திருப்பக் கையின் முழுப் பலமும் தேவைப்படுகிறது. அல்லது நன்றாக மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அல்லது வெந்நீர்ப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் வெதுவெதுப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இந்த மூன்றில் எது வந்தாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சுவருக்குள் பதித்த வால்வில் செருகியிருக்கும் கார்ட்ரிட்ஜ். புதியதைப் போடுவது சில நிமிட வேலை. பழையதை வெளியே எடுப்பதில்தான் பாடு. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்து, களிம்பேறி, பித்தளையோடு பித்தளையாக ஒட்டிப்போன கார்ட்ரிட்ஜ் லேசில் வராது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் எப்படியும் குப்பைக்குப் போகிற சாமான். அதை நெரிக்கலாம், துளைக்கலாம், துண்டு துண்டாக உடைத்தும் எடுக்கலாம். அது உட்கார்ந்திருக்கும் வால்வு பாடி அப்படியல்ல. அது டைலுக்குப் பின்னால், குழாய்களோடு சேர்ந்து சுவருக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் உட்புறத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தாலோ, அது முறுக்கிக்கொண்டாலோ டைலை உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி "இது பாடிக்குச் சேதம் செய்யுமா?" என்பதுதான். கார்ட்ரிட்ஜைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

உள்ளே இருப்பது என்ன?

ஒரே கைப்பிடியில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் வால்வில் கார்ட்ரிட்ஜ்தான் எல்லாம். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு நீரை விடுவது என்பதை அதன் துளைகளும் தட்டுகளும் தீர்மானிக்கின்றன. இரண்டு கைப்பிடிக் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டதால் அமெரிக்காவின் ஆல் மோயனுக்கு 1937-இல் தோன்றிய யோசனை இது. குழாயாக விற்பனைக்கு வந்தது 1947-இல். இன்று அவர் பெயர் கொண்ட நிறுவனம் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் ஏதோ ஒரு வகைக் கார்ட்ரிட்ஜைத்தான் போடுகின்றன.

உங்களுக்குத் தெரிய வேண்டியது அது எப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது. பொதுவாக இரண்டு வகை.

முதல் வகையில் கார்ட்ரிட்ஜ் நீண்ட உருளையாக இருக்கும். மோயன் வால்வுகளில் இதைப் பார்க்கலாம். லாட வடிவத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப் அதைப் பிடித்திருக்கும். உருளையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் பாடியின் உட்சுவரை அழுத்திக்கொண்டிருக்கும். உப்பு படிவது அந்த இடுக்கில்தான். இந்த வகையில் கிளிப் சுலபமாக வந்துவிடும், கார்ட்ரிட்ஜ்தான் வராது.

இரண்டாவது வகையில் கார்ட்ரிட்ஜை ஒரு பெரிய வட்ட நட்டு மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். டெல்டா வால்வுகளிலும், 35 அல்லது 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ் போட்ட பல மிக்சர்களிலும் இப்படித்தான். இங்கே கதை தலைகீழ். நட்டு கழன்றுவிட்டால் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அடம் பிடிப்பது நட்டு.

வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என்று தனித்தனிக் கைப்பிடி இருந்தால், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு ஸ்பிண்டில், அதாவது திறந்து மூடும் தண்டு, தன் சொந்த மரையால் பாடியில் முறுக்கப்பட்டிருக்கும். அதற்கு நட்டுக்குச் சொல்லும் வழிகளே போதும்.

வாங்குவதும் திரட்டுவதும்

பழையதைப் பார்க்காமல் புதியதை வாங்காதீர்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று எழுதி விற்கும் கார்ட்ரிட்ஜ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே நட்டு சரியாக அழுத்தாது, ஒழுகும். கைப்பிடியையும் அதன் பின்னால் உள்ள சுவர்த் தட்டையும் மட்டும் ஒரு நாள் கழற்றிப் பார்த்து, உள்ளே தெரிவதைப் படம் எடுத்து, மறுபடி மாட்டிவிடுங்கள். இதற்குத் தண்ணீரை நிறுத்தக்கூடத் தேவையில்லை, ஆனால் கிளிப்பையும் நட்டையும் தொடக்கூடாது. தட்டிலோ பாடியிலோ கம்பெனிப் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். படமும் பெயரும் இருந்தால் எந்த வகை என்று கண்டுபிடித்துவிடலாம். வாங்கியபின் விட்டம், மொத்த நீளம், அடியில் உள்ள துளைகளின் இடம், பக்கவாட்டுக் காதுகள், கைப்பிடி உட்காரும் தண்டின் வடிவம் எல்லாவற்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். தண்டில் பல் வெட்டியிருந்தால் எண்ணிப் பாருங்கள். 20 பல்லும் 24 பல்லும் தூரத்திலிருந்து ஒன்று போலவே தெரியும்.

ஆலன் கீ செட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், தண்ணீர்க்குழாய்க் குறடு, ஊசிமூக்குக் குறடு, டார்ச், பழைய பல் தேய்க்கும் பிரஷ், துணிகள், வெள்ளை வினிகர், சிலிகான் கிரீஸ். உருளை வகை என்றால் அந்தக் கார்ட்ரிட்ஜை இழுத்தெடுக்கவென்றே விற்கும் புல்லர் என்ற கருவியும் வேண்டும். புல்லரை முதலிலேயே வாங்கிவிடுங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். அது இல்லாமல் குறடால் இழுத்து இழுத்துத் தண்டைப் பிய்த்துவிட்டால், பிறகு புல்லர் கிடைத்தாலும் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இன்னொன்று: கடை திறந்திருக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். வால்வு திறந்து கிடக்கும்போது வீடு முழுவதற்கும் தண்ணீர் இல்லாமல் போகலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைத் தேடி அலைவது யாருக்கும் பிடிக்காது. தொடங்கும் முன் இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள்.

தண்ணீரை நிறுத்துவது

முதலில் ஹீட்டரை அணையுங்கள். மின்சார ஹீட்டர் என்றால் சுவிட்ச், கேஸ் என்றால் அதன் வால்வு. ஏதோ காரணத்தால் உள்ளே தண்ணீர் வற்றிய நிலையில் மின்சார ஹீட்டர் ஓடினால் அதன் சூடேற்றும் காயில் (கம்பிச்சுருள்) கருகிவிடும். ஹீட்டரில் இருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குச் சூடாகவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில வால்வுகளில் சுவர்த் தட்டுக்குப் பின்னால், இடமும் வலமும், ஸ்க்ரூ டிரைவரால் மூடும் சிறிய அடைப்பான்கள் இருக்கும். இருந்தால் அதிர்ஷ்டம். அந்த ஷவரின் தண்ணீரை மட்டும் நிறுத்தலாம். அவையும் துருப்பிடித்து முழுதாக மூடாமல் போவதுண்டு, ஆகவே அவற்றை முழுக்க நம்பிவிடாதீர்கள். இல்லையென்றால் குளியலறைக்கு வரும் கேட் வால்வு, அதுவும் இல்லையென்றால் வீட்டின் மெயின் வால்வு. மாடித் தொட்டியிலிருந்து வரும் வீட்டில் பச்சைத் தண்ணீருக்கும் வெந்நீருக்கும் தனித்தனி வால்வு இருக்கக்கூடும். இரண்டையும் மூட வேண்டும்.

மூடிய பிறகு ஷவரைத் திறந்து கைப்பிடியை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். பிறகு வீட்டில் இதைவிடத் தாழ்வான ஒரு குழாயில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் திறந்து வையுங்கள். குழாய்களில் தேங்கிய நீர் அங்கே வடிந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் எங்காவது நூல் போல ஓடிக்கொண்டிருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அந்த நிலையில் மேலே போகாதீர்கள். அழுத்தத்தோடு இருக்கும் வால்வில் கிளிப்பை எடுத்தால் கார்ட்ரிட்ஜ் தெறித்து வரும், பின்னாலேயே தண்ணீரும் வரும்.

பிறகு தரையில் உள்ள வடிகாலைத் துணியால் அடைத்துவிடுங்கள். கிளிப், ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் அந்த ஓட்டையை நோக்கித்தான் விழும். டைல் மேலும் குளியல் தொட்டியின் மேலும் தடித்த துணி ஒன்றை விரியுங்கள்.

கைப்பிடியும் தட்டும்

கைப்பிடியின் முகத்தில் சிவப்பும் நீலமும் போட்ட ஒரு சின்ன மூடி இருந்தால், நகத்தாலோ பழைய அட்டையாலோ நெம்பி எடுங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கும். மூடி இல்லாவிட்டால் கைப்பிடியின் அடிப்புறத்திலோ பின்புறத்திலோ ஒரு சின்னத் துளை இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் அதற்குள் ஆலன் ஸ்க்ரூ தெரியும். 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் சாவி பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்கத் தயாரிப்புகளில் 3/32, 7/64, 1/8 அங்குல அளவுகள் வரும். ஏறக்குறையப் பொருந்துகிற சாவியைப் போட்டுத் திருப்பினால் ஸ்க்ரூவின் ஆறு மூலையும் மழுங்கிவிடும். சாவி கடைசி வரை உள்ளே போய், ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள். இந்த ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுக்க வேண்டியதில்லை, தளர்த்தினால் போதும்.

கைப்பிடியும் ஒட்டிக்கொண்டிருந்தால் சுவரை நோக்கிச் சுத்தியால் தட்டாதீர்கள். அந்த அடி நேராக வால்வுக்குப் போகும். வெந்நீரில் நனைத்த துணியைக் கைப்பிடியின் மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, இடமும் வலமுமாக அசைத்து அசைத்து இழுங்கள். ஹேர் டிரையர் சூடும் உதவும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக், பக்கத்தில் டைல், பின்னால் எதுவென்று தெரியாத சுவர்.

அதன் பிறகு சுவர்த் தட்டு. ஸ்க்ரூக்களை எடுத்ததும் அது வராவிட்டால் சுற்றிலும் சிலிகான் பூசியிருப்பார்கள். மெல்லிய பிளேடால் ஓரமாகக் கீறிவிட்டால் வந்துவிடும். சிலவற்றில் தட்டு மரையிலேயே முறுக்கியிருக்கும், கையால் இடப்பக்கம் திருப்பினால் போதும். உள்ளே தண்டின் மேல் பளபளப்பான ஒரு குழல் இருந்தால் அதையும் உருவுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே துணியின் மேல் வையுங்கள், இடையிடையே படம் எடுங்கள். முக்கியமாக, கார்ட்ரிட்ஜின் எந்தப் பக்கம் மேலே பார்க்கிறது என்பது படத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

நட்டு வகை என்றால்

நட்டின் மேல் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், வினிகரின் அமிலம் அதைக் கரைக்கும். நுரை பொங்குவது தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் சுற்றியுள்ள டைல் மார்பிள் போன்ற இயற்கைக் கல்லாக இருந்தால் வினிகர் அதன் பளபளப்பையும் தின்றுவிடும், அங்கே சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பிளீச்சிங் கலந்த கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் விஷமான குளோரின் வாயு வரும்.

பிறகு ஸ்பேனர். முதலில் நட்டை இறுக்குகிற திசையில், அதாவது வலப்பக்கம், ஒரு மயிரிழை அளவு அழுத்திப் பாருங்கள். அந்தச் சின்ன அசைவில் உப்புப் பொருக்கு உடையும். அப்புறம் இடப்பக்கம். எந்தத் திசையில் திருப்பினாலும், பாடியைப் பிடிக்க இடம் இருந்தால் இன்னொரு ஸ்பேனரால் அதை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் பலம் முழுதும் சுவருக்குள் இருக்கும் இணைப்புகளுக்குப் போகும். பிடிக்க வழியில்லையென்றால் பலத்தைக் குறைத்து, வினிகர் ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள். நட்டின் முகத்தில் சின்னச் சுத்தியால் சுற்றிலும் லேசாகத் தட்டுவதும் பலன் தரும்.

இத்தனைக்கும் மசியவில்லையென்றால் நட்டையே பலி கொடுக்கலாம். ஹாக்சா பிளேடால் நட்டின் ஒரு பக்கத்தில் நெடுக்காக அறுத்து, மரையைத் தொடும் முன் நிறுத்தி, அந்தக் காடியில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் நட்டு பிளந்து விலகும். ஆனால் அதே நட்டு புதிதாகக் கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அறுக்க வேண்டும்.

நட்டு வந்ததும் கார்ட்ரிட்ஜை நேராக வெளியே இழுங்கள். இந்த வகையைச் சுற்றித் திருப்ப முயல வேண்டாம். அடியில் இரண்டு சின்ன முளைகள் பாடியின் குழிகளில் உட்கார்ந்திருக்கும். திருப்பினால் முளை முறிந்து குழிக்குள்ளேயே நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் ஊசியால் கிளறி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புதியது சமமாக உட்காராது.

உருளை வகை என்றால்

ஊசிமூக்குக் குறடால் கிளிப்பின் வளைந்த முனையைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். உப்பு மூடியிருந்தால் முதலில் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். கிளிப் முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். பாதி முறிந்து உள்ளே நிற்கிற கிளிப்போடு மல்லுக்கட்டுவது வீண். என்ன இழுத்தாலும் கார்ட்ரிட்ஜ் வராது, பாடியில் கிளிப் உட்காரும் காடிதான் சிதையும்.

இப்போது பெரும்பாலோர் செய்வது, தண்டைக் குறடால் பிடித்துச் சுவரில் கால் வைக்காத குறையாக இழுப்பது. அதைச் செய்யாதீர்கள். பல் மருத்துவர் பல்லை நேராக இழுப்பதில்லை, முதலில் அசைத்துப் பிடிப்பைத் தளர்த்திவிட்டுத்தான் எடுக்கிறார். இங்கேயும் அதே முறை. ரப்பர் வளையங்களும் உப்பும் சேர்ந்து போட்ட பிடிப்பு, நேராக இழுக்கும்போது முழு நீளத்திலும் ஒரே சமயத்தில் எதிர்க்கும். திருப்பினால் கொஞ்சம் கொஞ்சமாக உடையும்.

தண்டைத் திருப்பினால் போதாது, அது உள்ளே சுழலும், அவ்வளவுதான். திரும்ப வேண்டியது வெளி உருளை. புதிய கார்ட்ரிட்ஜ் பெட்டியில் சில கம்பெனிகள் சின்னப் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைப் போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் குப்பையில் போடுகிறவர்கள் அதிகம். அது உருளையின் காதுகளில் மாட்டித் திருப்பத்தான். அதைப் பொருத்தி, குறடால் பிடித்து, முதலில் ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று அசையுங்கள். ரொம்பவும் இறுகியிருந்தால் அந்தப் பிளாஸ்டிக் தொப்பியே முறியும். நல்ல புல்லர்களில் உலோகக் காதுகள் இருக்கும், அவை முறியாது.

அசையவில்லையா? சரி, அவசரம் வேண்டாம். கார்ட்ரிட்ஜுக்கும் பாடிக்கும் இடையிலான விளிம்பில் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வால்வு சுவரில் படுக்கைவாட்டில் இருப்பதால் ஊற்றினால் நிற்காது. துணியை நனைத்து விளிம்பைச் சுற்றித் திணித்து, அதன் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிட்டால் காயாமல் இருக்கும். ஒரு மணி நேரம் விட்டு முயலுங்கள், மீண்டும் நனையுங்கள். பித்தளைக் களிம்புதான் பிடித்திருக்கிறது, உப்பு இல்லை என்று தோன்றினால் துரு தளர்த்தும் ஸ்பிரேயை அடிக்கலாம். அது ரப்பரைக் கெடுக்கும், ஆனால் அந்த ரப்பர் போகப் போகிறதுதானே. புதியதைப் போடும் முன் ஒரு துளி இல்லாமல் துடைத்துக் கழுவிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. குளிக்கிற தண்ணீர் போகும் வழி அது.

உருளை ஒரு கோடளவு திரும்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. இரு பக்கமும் கால் சுற்று தாராளமாகத் திரும்பும் வரை அசைத்துக்கொண்டே இருங்கள். அதன் பிறகு இழுங்கள், இழுக்கும்போதும் திருப்பிக்கொண்டே இழுங்கள்.

புல்லரைப் பயன்படுத்தும் விதம்

புல்லரின் நடுவில் உள்ள ஸ்க்ரூ கார்ட்ரிட்ஜின் தண்டுக்குள் முறுக்கி இறங்கும். அதன் வெளிக்குழல் பாடியின் விளிம்பில் ஊன்றி நிற்கும். மேலே உள்ள நட்டைத் திருப்பத் திருப்ப, கார்ட்ரிட்ஜ் பாடியிலிருந்து நேர்க்கோட்டில் வெளியே இழுக்கப்படும். இதன் பெருமையே, இழுக்கும் பலமும் ஊன்றும் பலமும் பாடிக்குள்ளேயே தீர்ந்துவிடுவதுதான். சுவருக்குள் இருக்கும் குழாய்க்கு ஒரு பாரமும் போகாது. குறடால் இழுக்கும்போது அத்தனையும் அந்தக் குழாய்க்குத்தான் போகிறது.

மையத்து ஸ்க்ரூவை நன்றாக உள்ளே இறக்குங்கள். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருந்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பிறகு நட்டைக் கால் சுற்று திருப்புங்கள், காதுகளைப் பிடித்து உருளையை அசையுங்கள், மறுபடி கால் சுற்று. நட்டு திடீரென்று ரொம்பக் கனமானால் நிறுத்தி, அசைத்து, வினிகர் விட்டுவிட்டுத் தொடருங்கள்.

சில சமயம் தண்டும் உட்பகுதியும் மட்டும் கையோடு வந்துவிடும், வெளிக் கூடு உள்ளேயே நின்றுவிடும். பலர் இங்கே பயந்து கைவிடுகிறார்கள். அது அவ்வளவு மோசமில்லை. கூட்டின் உட்புறத்தில் பொருந்தும் அளவுள்ள மரை வெட்டும் டேப்பை மெதுவாக முறுக்கினால், அது கூட்டில் நன்றாகக் கடித்துக்கொள்ளும். அதையே பிடியாக வைத்து, திருப்பிக்கொண்டே இழுக்கலாம். சில புல்லர்களில் இதற்கான டேப்பும் சேர்ந்தே வரும். பிளாஸ்டிக் கூடு என்றால் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தை உட்பக்கமாக மடக்கிக் குழலைச் சுருட்டி எடுக்கலாம். எதைச் செய்தாலும் ஆயுதத்தின் முனை வால்வின் நடுவை நோக்கியே இருக்க வேண்டும், பாடியின் சுவரை நோக்கி அல்ல. உள்ளே தனியாக நின்றுவிட்ட ரப்பர் வளையங்களையும் எண்ணி எடுங்கள். பழைய கார்ட்ரிட்ஜில் எத்தனை காடி இருக்கிறதோ அத்தனை வளையம் வெளியே வந்திருக்க வேண்டும். மேலே ஒரு பழைய வளையம் ஒட்டிக்கிடக்கப் புதியதைத் திணித்தவர்களுக்குத்தான் "புதுசு போட்டும் ஒழுகுகிறது" என்ற தலைவலி.

நிறுத்த வேண்டிய இடம்

கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து பாடியும் சுவருக்குள் திரும்புவது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சுவருக்குள்ளிருந்து கிறீச் என்றோ டொக் என்றோ சத்தம் வந்தாலும் அப்படியே. பாடியில் விரிசல் தெரிந்தாலோ, மரை பச்சையாகப் பொடிந்து உதிர்ந்தாலோ இனி கார்ட்ரிட்ஜ் மாற்றிப் பயனில்லை, வால்வையே மாற்ற வேண்டும். அது பிளம்பர் வேலை. ஷவர் சுவரின் பின்பக்கம் வேறு அறையோ அலமாரியோ இருந்தால், டைலைத் தொடாமல் அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் திறக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் முடியும், கேட்காவிட்டால் நேரே டைலில் உளி வைத்துவிடுவார்கள்.

சுத்தம் செய்து புதியதைப் போடுவது

பழையது வந்ததும் புதியதைச் செருகக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பாடியின் உட்சுவரை வினிகரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். உப்புத் திட்டு நெருடினால் நைலான் ஸ்க்ரப்பரால் தேயுங்கள். எமரித் தாள், இரும்பு நார் எல்லாம் வேண்டாம். அவை போடும் கோடுகள் வழியாகவே தண்ணீர் கசியும்.

பிறகு உள்ளே உதிர்ந்த பொடியை வெளியேற்ற வேண்டும். வால்வின் முன்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மெயின் வால்வை ஒரு கணம் லேசாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றாலோ தண்ணீர் அழுத்தம் அதிகம் என்றாலோ இதை விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும்.

புதிய கார்ட்ரிட்ஜின் ரப்பர் வளையங்களில் சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். வாசலினோ சாதாரண இயந்திர கிரீஸோ கூடாது. குழாய் ரப்பர்களில் பல வகை பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி இளகிவிடும். சிலிகான் கிரீஸ் வாங்கும்போது குடிநீர்க் குழாய்களுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உருளை வகையில் வெளிச்சுவர் முழுதும் லேசாகப் பூசிவிட்டால் அடுத்த முறை கழற்றும்போது இத்தனை பாடு இருக்காது.

செருகும் முன் படத்தைப் பார்த்துத் திசையைச் சரிபாருங்கள். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் வெந்நீர் என்று கார்ட்ரிட்ஜிலேயே குறி போட்டிருப்பது வழக்கம். நேராக, சீராக, கட்டை விரல்களால் அழுத்தி உள்ளே தள்ளுங்கள். சுத்தியல் இங்கே தேவைப்பட்டால் ஏதோ தவறு. காதுகளும் முளைகளும் தத்தம் இடத்தில் உட்கார்ந்ததும் கிளிப்பைப் போடுங்கள். கிளிப் தடையில்லாமல் கடைசி வரை இறங்க வேண்டும். பாதியில் நின்றால் கார்ட்ரிட்ஜ் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. நட்டு வகையில், நட்டைக் கையால் பல சுற்று ஓட்டி மரை சரியாகப் பிடித்ததை உறுதி செய்துவிட்டு, ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் செராமிக் தட்டுகள் நெரிந்து கைப்பிடி கனமாகிவிடும், எதற்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அதுவே திரும்பி வரும்.

சோதனை

தட்டையும் மூடியையும் இப்போதே மாட்டாதீர்கள். ஷவர் தலையைக் கழற்றி வையுங்கள், உதிர்ந்த பொடி அதன் துளைகளை அடைக்காமல் இருக்கும். கைப்பிடியைத் தண்டில் சும்மா செருகி, பாதி திறந்த நிலையில் விட்டு, மெயின் வால்வை மெதுவாகத் திறங்கள். முதலில் காற்று சீறும், அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம் வரும், பிறகு தெளியும். பின் மூடிவிட்டு, கார்ட்ரிட்ஜின் விளிம்பில் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் கழற்றி, வளையம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் நின்றுவிடாமல் வருகிறது என்று தெரிந்ததும் ஹீட்டரைப் போடுங்கள். சூடு ஏறியபின் கைப்பிடியை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வெந்நீர் வர வேண்டிய பக்கம் பச்சைத் தண்ணீர் வந்தால் பதற வேண்டாம். பல உருளை வகைகளில் தண்டை அரைச் சுற்று திருப்பி வைத்துக் கைப்பிடியைப் போட்டாலே சரியாகிவிடும். மற்றவற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கார்ட்ரிட்ஜையே எடுத்து 180 பாகை திருப்பிச் செருக வேண்டும். எது என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும்.

வீட்டில் வேறு எங்காவது குழாயைத் திறந்ததும் ஷவரில் சூடு திடீரென்று ஏறி இறங்குவது உங்கள் பழைய பிரச்சினையாக இருந்திருந்தால், அழுத்தத்தைச் சமன் செய்யும் அமைப்பையும் பாருங்கள். சில வால்வுகளில் அது கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனித் துண்டாக இருக்கும். தனியாக இருந்தால் எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சின்ன உருளை கடகடவென்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதுவும் உப்பில் சிக்கியிருக்கிறது.

பெரும்பாலான ஒற்றைக் கைப்பிடி வால்வுகளில் வெந்நீர்ப் பக்கம் கைப்பிடி எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு பல் வளையம் உண்டு. கார்ட்ரிட்ஜ் மாற்றியதும் அது பழைய அமைப்பில் இருக்காது, கண்டிப்பாக மறுபடி அமைக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், எனக்கோ இந்த வேலையிலேயே இதுதான் முக்கியமாகப் படுகிறது. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் 5 நொடி போலப் பட்டாலே தோல் வெந்துவிடும். 49 டிகிரியில் அதே காயத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லிது, அவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் குறைவாகவே வையுங்கள். கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் கடைசி வரை தள்ளி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒரு குவளையில் பிடித்துத் தெர்மாமீட்டரால் அளந்து, 49-ஐத் தாண்டாதபடி வளையத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்துங்கள்.

எல்லாம் சரியென்றால் குழல், தட்டு, கைப்பிடி என்று கழற்றியதற்கு எதிர் வரிசையில் மாட்டுங்கள். தட்டைச் சுற்றிச் சிலிகான் பூசும்போது அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். பின்னால் எப்போதாவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். முழுக்க அடைத்துவிட்டால் அது சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கும். கடைசியாக ஷவர் தலையை மாட்டுங்கள், வடிகாலில் திணித்த துணியை எடுங்கள்.

குளித்து மூடிய பிறகு சில நிமிடம் ஷவர் தலையிலிருந்து சொட்டினால் அது கோளாறு அல்ல. வால்வுக்கும் தலைக்கும் இடையிலுள்ள குழாயில் நின்ற தண்ணீர்தான் வடிகிறது. மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தால், புதிய கார்ட்ரிட்ஜின் தட்டுகளுக்கிடையில் உப்புத் துகள் மாட்டியிருக்கலாம். ஷவரை முழுதாகத் திறந்து, கைப்பிடியைச் சில முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் தண்ணீரை நிறுத்தி, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். கிரீஸ் பூசியிருப்பதால் இந்த முறை கையோடு வந்துவிடும்.